சகோதரிகளின் செப நேரம் யாருடையது?

நிவாரணப் பணிகள் நடைபெறும் இடங்களில் நம் காதில் அடிக்கடி விழும் முறைப்பாடு ஒன்று உண்டு. “சிஸ்டர்மாரத் தேடிப் போனோம் சாமி. செபத்தில இருக்காங்க, அரை மணித்தியாலம் பொறுங்கன்னு வாசல்ல நின்ன புள்ள சொல்லிட்டுது.” இப்படிச் சொல்பவர்களின் குரலில் கோபம் இருப்பதில்லை; சலிப்பு இருக்கும். வீட்டையும் காணியையும் இழந்து நிற்பவருக்கு அரை மணித்தியாலம் என்பது சிறிய நேரம் அன்று.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது, மண்சரிவினாலும் வெள்ளத்தினாலும் இந்நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் நமது கண்டி மாவட்டம். அந்த நாட்களில் பாடசாலைகளிலும் விகாரைகளிலும் கோவில்களிலும் ஆலய மண்டபங்களிலும் படுத்துறங்கிய பலர் இந்தச் சஞ்சிகையின் வாசகர்கள். ஆகவே இந்த முறைப்பாட்டைத் தட்டிக்கழிக்காமல் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

துறவறச் சகோதரிகளின் செபம், பக்தி, சேவை என்று மூன்றையும் நாம் மறையுரைகளில் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். மடத்திற்குள்ளே அவை மூன்றும் நேரத்துக்காக ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன என்பதை நாம் சொல்வதில்லை. விடியுமுன் எழுந்து காலைச் செபம், தியானம், திருப்பலி. மாலையில் கட்டளைச் செபம், செபமாலை, நற்கருணை ஆராதனை. படுக்குமுன் இராச் செபம். எல்லாம் சேர்த்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய மூன்று மணித்தியாலம். பாடசாலையில் படிப்பித்து, நோயாளியைப் பார்த்து, வீடுவீடாக ஏறி இறங்கி, அதற்கு மேல் இந்த மூன்று மணித்தியாலம். (குருக்களாகிய நாம் இதில் எத்தனை நிமிடங்களைக் கைவிட்டுவிட்டோம் என்பதை இங்கே எழுதாமல் விடுவதே நமக்கு நல்லது.)

நமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வாசலில் நிற்கும் ஏழைக்காகச் செபத்தை விட்டு எழுந்து வருவது சகோதரியின் கடமை. நம்மைப் போன்ற அபிவிருத்திப் பணியாளர்களின் கூட்டங்களுக்காகவும் படிவங்களுக்காகவும் செபத்தை விடுவது அவரது கடமை ஆகாது. இந்த இரண்டையும் நாம் ஒன்றாகக் குழப்பிவிட்டோம். அந்தக் குழப்பத்தின் நட்டம் உங்கள் தலையில்தான் விழுகிறது.

1633இல் பிரான்சு நாட்டின் பாரிஸ் நகரில் புனித வின்சென்ட் தே பவுலும் புனித லூயிஸ் தே மரியாக்கும் பிறரன்புப் புதல்வியர் சபையைத் தொடங்கினார்கள். அதுவரை துறவறப் பெண்கள் என்றால் பெரும்பாலும் மதிலுக்குள் அடைபட்டு வாழ்பவர்கள். வின்சென்ட் அவர்களைத் தெருவுக்கும் நோயாளியின் வீட்டுக்கும் அனுப்பினார். செப வேளையில் ஏழை ஒருவர் வந்து கூப்பிட்டால் தயங்காமல் எழுந்து போங்கள், கடவுளுக்காகக் கடவுளை விட்டுப் போகிறீர்கள் என்ற கருத்தை அவர் அந்தப் பெண்களுக்குத் திரும்பத் திரும்பப் படிப்பித்தார். இதை மேற்கோள் காட்டாத அபிவிருத்திக் கருத்தரங்கே இல்லை எனலாம். ஆனால் அதே வின்சென்ட் அதே பெண்களை அதிகாலை 4 மணிக்கு எழுந்து தியானம் செய்ய வைத்தார் என்பதைக் கருத்தரங்குகளில் யாரும் சொல்வதில்லை. எழுந்து போவதற்கு முதலில் ஓரிடத்தில் முழந்தாளிட்டிருக்க வேண்டுமே!

அன்னை திரேசாவின் அனுபவமும் இதற்குத் துணை நிற்கிறது. 1950இல் கல்கத்தாவில் அவர் ஆரம்பித்த சபையினர் தொடக்க காலத்தில் வாரத்தில் ஒருநாள்தான் ஒரு மணித்தியால ஆராதனை செய்தனர். 1973இல் அதை ஒவ்வொரு நாளும் செய்வதெனத் தீர்மானித்தார்கள். கணக்குப் பார்ப்பவர்கள், தெருவில் கிடப்பவர்களுக்குப் போகவேண்டிய மணித்தியாலம் வீணாகிறது என்று சொல்லியிருப்பார்கள். அதன் பிறகு தங்களிடையே அன்பு நெருங்கியது, ஏழைகள்மேல் இரக்கம் கூடியது, சபைக்கு வந்து சேரும் பெண்களின் தொகையும் பெருகியது என்பதே அன்னையின் சாட்சியம்.

நமது கண்டிக்கு இது புதிய பாடம் அன்று. 1692இல் இந்நகருக்கு வந்த புனித யோசேப் வாஸ் அடிகளார் போர்த்துக்கேய ஒற்றர் என்ற சந்தேகத்தில் சிறையில் இடப்பட்டார். சிறை வளவிலேயே சிறு குடிசை அமைத்துத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். 1697இல் பெரியம்மை பரவி, வசதியுள்ளவர்கள் நகரைவிட்டு ஓடியபோது, கைவிடப்பட்டவர்களைப் பராமரித்தவரும் இறந்தவர்களை அடக்கம் செய்தவரும் அவரே. பின்வந்த காலத்தில் 1869இல் கொழும்பு கொட்டாஞ்சேனைக்கு வந்து, பின்னர் கண்டியிலும் மடம் அமைத்த நல்லாயன் சகோதரிகளைப் பாருங்கள். அவர்களுடைய சபையை நிறுவிய புனித மரிய யூப்ரேசியா, வெளியே சென்று பணி செய்யும் சகோதரிகளுக்குப் பக்கத்திலேயே, செபத்துக்கென்று தம்மை ஒப்படைத்த சகோதரிகளின் பிரிவையும் ஏற்படுத்தினார். செபத்தையும் மண்வேலையையும் சேர்த்து வாழ்ந்தோரைக் காண நாம் பிறநாட்டுக்குப் போகவும் தேவையில்லை. 1928இல் யாழ்ப்பாணம் தோலகட்டியில் அருட்தந்தை தோமஸ் அ.ம.தி. நிறுவிய செபமாலைத் தாசர் சபையினர் மௌனத்தையும் செபமாலையையும் தோட்ட வேலையையும் ஒன்றாகவே கைக்கொண்டார்கள்.

இனி நமது குற்றத்துக்கு வருகிறோம்.

புயலுக்குப் பிந்திய வாரங்களில் நாம் உதவியாகப் போய்வந்த இடம் ஒன்றில், பல்லேகலைக்கு அப்பால், மூன்று சகோதரிகள் வாழும் சிறிய இல்லம் இருந்தது. அவர்களுக்குத் தமிழும் தெரியும், சிங்களமும் தெரியும். எந்த வீட்டில் யார் கர்ப்பிணி, யாருக்குச் சீனி வருத்தம், யாருடைய காணி உறுதி மண்ணோடு போனது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். நமக்கு வேறென்ன வேண்டும்! பணம் தரும் வெளிநிறுவனம் ஒன்று இன்றிரவே பட்டியல் வேண்டும் என்றது. நாம் மாலை 6 மணிக்குக் கூட்டம் போட்டோம். அடுத்த நாளும் போட்டோம். ஐந்து வாரங்கள் அந்த இல்லத்தில் மாலைச் செபம் ஒன்றாகச் சொல்லப்படவில்லை. ஒருவர் பேருந்தில் செபமாலை சொன்னார், ஒருவர் படிவங்களுக்கு நடுவே நித்திரை தூங்கினார், மூத்தவர் எல்லோரும் படுத்தபின் தனியே சிற்றாலயத்தில் இருந்தார்.

ஒருநாள் அந்த மூத்த சகோதரி நம்மிடம் சொன்னார்: “ஃபாதர், முன்பெல்லாம் மாலை மன்றாட்டில் ஒவ்வொரு குடும்பத்தையும் பேர் சொல்லிச் செபிப்போம். பேர் சொல்லும்போது முகம் வரும். முகம் வந்தால் மறுநாள் காலையில் அந்த வீட்டுக்குக் கால் தானாகப் போகும். இப்போது பேர்களை எழுதுகிறேன். முகம் வருவதில்லை.”

நாம் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது? அந்த நாட்களில் அவர் மக்களிடம் எரிந்து விழுந்ததையும் நாம் கண்டிருந்தோம். கூரைத் தகரம் எப்போது வரும் என்று மூன்றாவது தடவையாகக் கேட்ட தாயைப் பார்த்து, “எனக்கென்ன தெரியும்?” என்று சீறினார். பதினைந்து ஆண்டுகளாக அவரிடம் கேளாத சொல். மக்கள் அவர்மேல் வருத்தப்பட்டார்கள். வருத்தம் நம்மேல் வந்திருக்க வேண்டும்.

பின்பு மாலைக் கூட்டங்களை நிறுத்தினோம். சகோதரிகள் மீண்டும் ஒன்றாகச் செபிக்கத் தொடங்கியபோது, மண்டபத்தில் தங்கியிருந்த சிலர் சிற்றாலய வாசலில் வந்து நின்றார்கள். கதவைத் திறந்து உள்ளே வரச் சொன்னார்கள். அப்படி வந்தவர்களில் ஓர் ஐயா. இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்தவர். 1977 வன்செயலுக்குப் பின் குடும்பத்தோடு வன்னிக்குப் போய்க் காடு வெட்டிப் பயிர் செய்தவர். 2009இல் மெனிக் பாம் முகாம். அதன்பின் மகளோடு இருக்கலாம் என்று மலைக்குத் திரும்பி வந்தார். அந்த வீடும் 2025இல் மண்ணோடு சரிந்தது.

கட்டளைச் செபத்தில் நான்காம் வாரச் செவ்வாய்க்கிழமை மாலையில் வருவது திருப்பாடல் 137. எருசலேம் அழிக்கப்பட்டு, நிலத்தை இழந்து, பாபிலோன் நாட்டு ஆற்றங்கரையில் அமர்ந்து அழுத மக்களின் பாடல். சகோதரிகள் மாறிமாறிச் சொல்லி முடித்தார்கள். ஐயா கேட்டார்: “சிஸ்டரம்மா, இது நம்ம கததான். ஆனா பாதியில நிப்பாட்டிட்டீங்களே?”

அவர் கேட்டது சரி. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் கட்டளைச் செபம் திருத்தி அமைக்கப்பட்டபோது, பகைவரைச் சபிக்கும் சில பகுதிகள் பொதுச் செபத்திலிருந்து நீக்கப்பட்டன. இத்திருப்பாடலின் கடைசி மூன்று வசனங்களும் அவற்றில் அடங்கும். படித்தால் நெஞ்சு நடுங்கும் வசனங்கள் அவை. குருமடத்தில் நாம் படித்தபோது அந்த நீக்கத்தின் நியாயங்களைப் பரீட்சைக்கு எழுதியிருக்கிறோம். அந்த மாலையில் அவை ஒன்றும் நமக்கு உதவவில்லை. மூத்த சகோதரி எழுந்துபோய் விவிலியத்தை எடுத்து வந்து, மிகுதியையும் சத்தமாக வாசித்தார். யாரும் அசையவில்லை. பின்பு ஐயாவைப் பார்த்து, “இதையும் கடவுளிடமே சொல்லுவோம் ஐயா. பக்கத்து வீட்டுக்காரனிடம் சொன்னால் வீடு எரியும்” என்றார்.

2018 மார்ச் மாதத்தில் திகனவிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்ததைக் கண்ணால் கண்ட ஊரில் இருந்துகொண்டு அவர் அதைச் சொன்னார். எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

செபம் என்பது கண்ணை மூடிக்கொண்டு உலகத்தை மறப்பது என நினைப்பவர்கள் அந்தச் சிற்றாலயத்தில் ஒரு மாலை இருந்து பார்க்க வேண்டும். இடம்பெயர்ந்த மக்களின் புலம்பலை, அவர்கள் சொல்ல வெட்கப்படும் ஆத்திரத்தையும் சேர்த்து, நாள்தோறும் வாயில் எடுத்துச் சொல்வதற்கென்றே நேரம் ஒதுக்கியவர்கள் இந்தப் பெண்கள். அரசாங்கக் கந்தோரிலும் நமது கந்தோரிலும் உங்கள் ஆத்திரத்துக்குப் படிவம் இல்லை.

“சிஸ்டர்மாருக்கு என்ன கவல? மூணு வேளச் சாப்பாடு, கல்லுக் கட்டின வீடு” என்ற பேச்சையும் கேட்டிருக்கிறோம். அதில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டோம். உயர்ந்த மதிலும் பூட்டிய படலையும் உள்ள மடங்கள் நம்மிடையே உண்டு. 1965இல் துறவற வாழ்வின் புதுப்பித்தல் பற்றிச் சங்கம் வெளியிட்ட ஏடு, ஒவ்வொரு சபையும் தன் நிறுவுனரின் ஆரம்ப உணர்வுக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டது. சிலர் திரும்பினார்கள், சிலர் இன்னும் யோசிக்கிறார்கள். திரும்பியவர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதற்கு புத்தளை சாட்சி. அங்கே அலுகலவித்த என்ற பௌத்த கிராமத்தில் அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோ அ.ம.தி. 1980 முதல் ஏழை விவசாயிகளோடு வாழ்ந்தார். கரும்புச் செய்கைக்காகக் காணி இழந்தவர்களின் பக்கம் நின்றார். அந்த எளிய இல்லத்தில் அவரோடு பணியாற்றியவர்கள் அருட்சகோதரிகள். 1987 நவம்பர் 10ஆம் திகதி மாலை, திருப்பலி ஒப்புக்கொடுத்துக்கொண்டிருந்த வேளையில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டபோது அந்தச் சிறிய அறையில் அவரோடு இருந்தவர்களும் சகோதரிகளே. அவரைப் பற்றி நூல்கள் வந்துள்ளன. அச்சகோதரிகளைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

இன்று துறவறத்துக்கு வரும் இளம் பெண்கள் குறைந்து வருகிறார்கள். ஐவர் செய்த வேலையை இருவர் செய்கிறார்கள். சிறிய இல்லங்கள் மூடப்படலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் கிராமத்து இல்லமே முதலில் பட்டியலில் வருகிறது, நகரத்துப் பாடசாலை வருவதில்லை. இதை நாம் ஆட்சேபிக்கிறோம். திட்டம் முடிந்ததும் திட்ட உத்தியோகத்தர் போய்விடுவார். பங்குத்தந்தைக்கும் சில ஆண்டுகளில் மாற்றம் வரும். விளக்கு எரியும் வீடாக எஞ்சுவது அநேகமாகச் சகோதரிகளின் வீடுதான்.

ஆகவே நம் சக பணியாளர்களிடம் ஒன்றைக் கேட்கிறோம். மாலை 5.30 முதல் 7 மணிவரை சகோதரிகளைக் கூட்டத்துக்கு அழைக்காதீர்கள். படிவம் நிரப்புவதற்கு முகாமிலேயே சாதாரண தரம், உயர்தரம் படித்த பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள். அவர்களுக்குச் சிறு கொடுப்பனவு கொடுத்துப் பழக்கினால் நம்மைவிடத் திருத்தமாக எழுதுவார்கள். சகோதரிகளிடமும் ஒன்று: சிற்றாலயக் கதவைச் சாத்தாதீர்கள். மன்றாட்டில் சிங்களப் பெயர்களும் முஸ்லிம் பெயர்களும் தமிழ்ப் பெயர்களோடு சேர்ந்து வரட்டும்.

உங்களுக்குச் சொல்வது இதுதான். பிள்ளைக்குக் காய்ச்சலா, வீட்டில் அடிதடியா, மனம் தாங்கவில்லையா, மணி அடித்த பிறகும் தயங்காமல் கதவைத் தட்டுங்கள். அவர்கள் எழுந்து வராவிட்டால் நம்மிடம் முறையிடுங்கள். தகரம் எப்போது வரும், பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பவற்றை மட்டும் நம்மிடம் கேளுங்கள். அந்தத் திட்டுகளை வாங்குவதற்கு நாம் இருக்கிறோம். அந்தச் சிறிய இல்லத்தில் இப்போது நாள்தோறும் மாலை 6 மணிக்கு மணி அடிக்கிறது. வாங்குகள் போதாதென்று பின்பக்கத்தில் பாய் விரித்திருக்கிறார்கள். நான்காம் வாரச் செவ்வாயில் அந்த ஐயாதான் திருப்பாடலை வாசிக்கிறார், கடைசி வசனம்வரை.