சுருக்கம் மட்டும் தமிழிலா?

புதுக்கோட்டை மாவட்டத்துக் கல்லூரிகளில் பட்டம் பெற்று வெளிவரும் இளைஞர்க்கு இந்நாளில் புதிய பணித்துறை ஒன்று திறந்துள்ளது. வெப்பம் மிகுவதும் மழை முறைபிறழ்வதும் ஏன் என மக்களுக்கு எடுத்துரைத்து, ஊரைக் கூட்டி, ஊரின் குறையை ஆள்வோர்முன் வைக்கும் பணி அது. தமிழ்நாட்டரசு 2022-இல் காலநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கியது. முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டத்தின்கீழ் இளைஞரைச் சம்பளத்திற்கு அமர்த்தி மாவட்டங்களுக்கு அனுப்பியது. தொண்டு நிறுவனங்களும் இத்தகையோரைத் தேடுகின்றன. நன்று. ஊருக்கு உழைப்பவன் பட்டினி கிடத்தல் வேண்டும் என எந்த அறநூலும் கூறவில்லை.

ஆனால், இப்பணி எம்மொழியில் நடைபெறும் என்னும் வினாவை எழுப்புவாரைக் காணோம்.

இப்பணி சம்பளத்தோடு பிறந்ததன்று. கீரமங்கலத்தை அடுத்த சேந்தன்குடியில் தங்கசாமி என்னும் உழவர் வாழ்ந்தார். கடன்பட்டு நொந்து, மரப்பயிரால் தேறியவர். மணவீடுகளிலும் பள்ளிகளிலும் மரக்கன்றும் கையுமாக நின்று பேசினார். ஊரார் அவர் பெயர்க்கு முன் 'மரம்' என்பதையே பட்டமாகச் சேர்த்தனர். 2018 செப்டம்பரில் அவர் மறைந்தார். இரண்டு திங்களில், நவம்பர் 16-இல், கசாப் புயல் அப்பகுதியின் தென்னையையும் பலாவையும் வேரொடு சாய்த்தது. அடுத்த ஆண்டே கொத்தமங்கலம் முதலிய ஊர்களின் இளைஞர் கைப்பொருளும் ஊரார் கொடையும் கொண்டு நீர்நிலைகளைத் தூர்வாரினர்.

அதற்கும் முன்னர் எழுந்தது நெடுவாசல். 2017 பிப்பிரவரி 15-இல் நடுவணமைச்சரவை, நெடுவாசல் உள்ளிட்ட 31 இடங்களில் நீரகக்கரிமம் எடுக்கும் உரிமையை வழங்க இசைந்தது. உழவரும் பெண்டிரும் பள்ளிச் சிறாரும் 22 நாள் தொடர்ந்து அமர்ந்தனர். பெற்ற உறுதிமொழிகளில் நம்பிக்கை தளர்ந்தபின் ஏப்பிரலில் மீண்டும் அமர்ந்தனர். ஐதரோகார்பன் என்னும் சொல்லையே அதற்குமுன் கேட்டிராத பாட்டிமார், அதனால் நிலத்தடி நீர்க்கு என்ன நேரும் என்பதைத் தம் பேரப்பிள்ளைகட்கு விளக்கினர். எப்படி? அறிந்தோர் அவர்க்குத் தமிழில் கூறினர். அவர் தமிழிலேயே ஐயம் கேட்டனர். அக்கிளர்ச்சியின் பின்னரே 2020-இல் காவிரிப் படுகையைக் காப்புடைய வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. திருவரங்குளம், கறம்பக்குடி உள்ளிட்ட ஐந்து புதுக்கோட்டை ஒன்றியங்கள் அதனுள் அடங்கின.

இனி மறுபக்கத்தைப் பார்க்க. ஒரு தொழிலால் சுற்றுச்சூழலுக்கு நேரும் தாக்கத்தை மதிப்பிடும் முறையை வகுத்த 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை, மக்கள் கருத்துக் கேட்புக்கு முன் அறிக்கையின் சுருக்கத்தை மட்டுமே வட்டார மொழியில் தரச் சொல்கிறது. நிலத்தை இழப்பவனுக்குச் சில பக்கத் தமிழ். நிலத்தை எடுப்பவனுக்கு நூற்றுக்கணக்கான பக்க ஆங்கிலம். நுணுக்கமான தீங்குகளெல்லாம் எப்பக்கத்தில் கிடக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? 2020-இல் அவ்வறிவிக்கையை மாற்ற நடுவணரசு விடுத்த வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளிவந்தது. எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் பத்து நாளில் பெயர்த்து வெளியிடுக எனத் தில்லி உயர் அறமன்றம் சூன் 30-இல் ஆணையிட்டது. பெயர்ப்பதை விடுத்து, அவ்வாணையை எதிர்த்து உச்ச அறமன்றத்துக்கு ஓடியது அவ்வரசு! அங்கு அதற்குத் தடையாணை கிட்டவில்லை. மொழிபெயர்ப்பாளர்க்குக் கொடுக்கும் கூலியினும் வழக்குரைஞர்க்குக் கொடுக்கும் கூலி எளிதாயிற்றுப் போலும்.

இந்நிலையில் பணியேற்கும் இளைஞன் ஆங்கில அறிக்கையை ஆங்கிலத்திலேயே படித்து, ஆங்கிலத்திலேயே மேலிடத்துக்கு எழுதியனுப்புவானாயின், ஊர்க்கும் அவனுக்கும் என்ன தொடர்பு? ஊர்க்காரரின் கூற்று அவன் தாளில் ஏறும். அவன் தாளிலுள்ளது ஊர்க்காரர்க்குத் திரும்பாது.

அவன் கற்க வேண்டிய சொற்களோ கரையிலேயே கிடக்கின்றன. கண்மாய், ஏந்தல், ஊருணி, வரத்துவாய்க்கால், மடை, கலிங்கு, குமிழி என நீர் வரும் வழிக்கும் நிற்கும் இடத்துக்கும் கழியும் வாய்க்கும் தனித்தனிப் பெயர் வைத்த நாடு இது. குமிழியை நிறுவியவன் பெயரைக் கல்லில் வெட்டிய தூம்புகள் இம்மாவட்டத்தில் இன்றும் நிற்கின்றன. (குடிமராமத்து என்பதன் பின்பாதி அரபுச்சொல், செயல் மட்டும் தமிழருடையது.) தைலமரக் காடுகளில் எழுப்பிய வரப்புகள் வரத்தை மறிக்கின்றன என்பது இங்குள்ள உழவரின் நெடுநாட் குறை. 'வரத்து' என்னும் ஒரு சொல்லை அறியாதவனுக்கு அக்குறை விளங்காது.

தனித்தமிழ் அன்பரும் ஒன்றை ஒப்புதல் வேண்டும். அறையில் அமர்ந்து ஆக்கிய கலைச்சொல்லினும் கரையில் வழங்கும் சொல் மூத்தது. அச்சொற்களை முதியோரிடம் கேட்டுத் தொகுத்து இப்பணியாளர் கையில் கொடுத்தல் தமிழாசிரியரின் கடமை. அக்கடமையில் ஆசிரியர் பிந்திவிட்டனர்.

ஆண்டுதோறும் மார்ச்சு 22-இல், உலக நீர்நாளில், தமிழ்நாட்டில் ஊரவைகள் கூடுகின்றன. தம் எல்லையில் வரவிருக்கும் எத்தொழிலின் தாக்க அறிக்கையும் முழுமையாகத் தமிழில் வேண்டும் என்று ஒவ்வோர் ஊரவையும் அந்நாளில் தீர்மானம் இயற்றலாம். அத்தீர்மானத்தை எழுதிக் கொடுக்கும் கை, பணியேற்ற இளைஞனுடையதாக இருக்கட்டும்.