பாடக்குறிப்பு யாருக்காக?

தமிழ் கற்பிப்பவனுக்கு ஆங்கிலப் பாடவேளையில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. திருப்பூர் வட்டாரத்துக் கல்லூரிகளுக்கு வரும் முதலாண்டு மாணவர், பகுதி ஒன்றில் தமிழும் பகுதி இரண்டில் ஆங்கிலமும் படிக்கிறார். ஆங்கிலத்தில் சொந்தமாக ஒரு பத்தி எழுத இயலாதவர் பெரும்பாலும் தமிழிலும் எழுத இயலாதவராகவே இருப்பதை ஆண்டுதோறும் காண்கிறேன். பழகிய வினாவைக் கேட்டால் மனப்பாடம் செய்த விடை வரும்; வினாவைச் சற்றே திருப்பிக் கேட்டால் வெள்ளைத்தாள் வரும். இந்நோய் கல்லூரியில் பிறந்ததன்று. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் ஊன்றப்படுவது. தமிழில் வாசகர்கள் இல்லையே என்று ஓயாமல் புலம்பும் நாம், வாசிப்பு கொல்லப்படும் இடத்தை ஒருமுறையேனும் எட்டிப் பார்க்க வேண்டாமா?

அங்கே நடப்பது நாம் எல்லோரும் அறிந்ததுதான். ஆசிரியர் ஒரு பத்தியை உரக்கப் படிக்கிறார். வரிக்கு வரி தமிழில் பொருள் சொல்கிறார். கேள்விக்குரிய விடை எந்த வரியில் தொடங்கி எந்த வரியில் முடிகிறது என்று காட்ட, மாணவர்கள் பென்சிலால் கோடிடுகிறார்கள். பிறகு கரும்பலகையிலிருந்து நோட்டுக்கு, நோட்டிலிருந்து தேர்வுத்தாளுக்கு. வாசிப்பு என்றால் ஆசிரியர் வாசிப்பது, எழுத்து என்றால் மாணவர் பெயர்த்தெழுதுவது என்றாகிவிட்டது. முத்துமுத்தான கையெழுத்தில் ஒரு முழுப்பக்க விடையை எழுதிய பிள்ளை, அதன் இரண்டாம் வரி என்ன சொல்கிறது என்று கேட்டால் விழிக்கிறது.

இத்தனைக்கும் ஆசிரியரிடம் பாடக்குறிப்பேடு இருக்கிறது. கற்பித்தல் நோக்கம், துணைக்கருவி, மதிப்பீடு, வீட்டுப்பாடம் என்று கட்டம் கட்டி நிரப்பப்பட்டிருக்கிறது. தலைமையாசிரியரின் கையொப்பமும் இருக்கிறது. சென்ற ஆண்டின் குறிப்பையோ கடையில் விற்கும் கையேட்டையோ பார்த்து எழுதப்பட்ட அந்த ஏட்டில் எல்லாம் உண்டு, மாணவன் மட்டும் இல்லை. இந்தப் பிள்ளை இந்தப் பாடத்தை எதற்காகப் படிக்க விரும்புவான் என்ற ஒரே கேள்விக்கு அதில் கட்டம் கிடையாது. ஆய்வுக்கு வரும் அதிகாரிக்காக எழுதப்படும் பாடக்குறிப்பு பாடத் திட்டமன்று. வருகைப் பதிவேட்டின் இன்னொரு வடிவம். கணினியில் ஏற்ற வேண்டிய புள்ளிவிவரங்களே ஆசிரியரின் மாலை நேரத்தைத் தின்றுவிடுகின்றன என்பதை மறுக்கவில்லை. அப்படியானால் இந்த ஏட்டுச் சடங்கிலிருந்தாவது அவரை முதலில் விடுவியுங்கள் என்கிறேன்.

சீர்திருத்தங்கள் வராமல் இல்லை. 2000-களின் பிற்பகுதியில் நடுநிலை வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி வந்தது. மனவரைபடம் வரைந்து, குழுவாகத் தொகுத்துக் கற்பது நல்ல எண்ணம்தான். பல வகுப்புகளில் மனவரைபடமே பலகையிலிருந்து பார்த்தெழுதும் பொருளாயிற்று. 2012-13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. முறை அப்படியே இருக்க, மனப்பாடத்தின் மொழி மட்டும் மாறியது. 2018இல் புதிய பாடநூல்கள் வந்தன. அந்த ஆறாம் வகுப்பு ஆங்கில நூலின் முதற்பாடம் கடலாமைகளைப் பற்றியது. அழகான பாடம். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு இரவில் கடலின் வெளிச்சத்தை நோக்கி ஓடுகிறது. கரையில் மின்விளக்கு எரிந்தால் அதற்கு என்ன ஆகும்? இந்த ஒரு கேள்வியை வகுப்பில் போட்டுவிட்டு, விடையை ஆங்கிலத்தில் ஐந்து சொற்களிலாவது சொல்லுங்கள் என்றால் போதும், நாற்பது நிமிடம் போதாது. நாமோ கடலாமைக்கு எதிர்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம்.

விளைவு என்ன? ஊரகக் குடும்பங்களில் எடுக்கப்படும் அசர் ஆய்வின்படி, 2022இல் இந்திய அளவில் எட்டாம் வகுப்பு மாணவரில் எளிய ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்தவர் ஏறத்தாழ 47 விழுக்காடு. வெறும் வாசிப்பைச் சொல்கிறேன். எழுத்தின் பேச்சையே எடுக்கவில்லை.

மாற்று வழி வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. 1979 முதல் 1984 வரை ந.சு.பிரபு என்னும் கல்வியாளர், நம் அண்டை நகரமான பெங்களூரை மையமாகக் கொண்டு, சென்னை உள்ளிட்ட ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். உலகெங்கும் ஆங்கிலம் கற்பிப்போர் அதைப் பெங்களூர்த் திட்டம் என்று அறிவர். அவர் 1987இல் வெளியிட்ட நூல் இன்றும் பேசப்படுகிறது. நம் ஆசிரியர் பயிற்சியில்தான் அது தேர்வுக்குரிய இரண்டு மதிப்பெண் வினாவாகச் சுருங்கிப்போயிற்று. அவர் செய்தது எளிமையானது. ரயில் கால அட்டவணை, ஊரின் வரைபடம் போன்றவற்றை மாணவரிடம் கொடுத்தார். எந்த ரயிலில் ஏறினால் மாலைக்குள் போய்ச் சேரலாம் என்பது போன்ற புதிர்களை வைத்தார். முதலில் அதுபோன்ற ஒன்றை வகுப்பே ஆசிரியருடன் கூடித் தீர்க்கும். பிறகு இன்னொன்றை ஒவ்வொருவரும் தனியே தீர்ப்பர். பொருளில் மனம் குவிந்திருக்கும்போதுதான் மொழியின் வடிவம் உள்ளே இறங்குகிறது என்பது அவர் கொள்கை. இலக்கணத்தை வரிசையாகப் பட்டியலிட்டுக் கற்பிக்கவில்லை.

ரயில் அட்டவணைக்கு நிகரான பொருள் திருப்பூரில் எங்கே என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஊரே ஆங்கிலத்தைத் தைத்து, மடித்து, பெட்டி கட்டிக் கப்பலேற்றுகிறது. ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கும் மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர். பவர் டேபிள், ஓவர்லாக், பிளாட்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று பனியன் கம்பெனியின் பேச்சில் பாதி ஆங்கிலம். ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு வரும் தாயின் பிள்ளைக்கு இச்சொற்கள் தாலாட்டுப்போலப் பழக்கம். அவள் தைக்கும் சட்டையின் உட்புறத்தில் ஒரு துணுக்கு லேபிள் இருக்கிறது. அதை ஒருநாள் வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். எதைச் செய்யாதே என்று சொல்கிறது? வெந்நீரில் துவைக்கலாமா? நம் வீட்டுக் கல்லில் அடித்துத் துவைத்தால் இந்தச் சட்டை தாங்குமா? இரண்டிரண்டு பேராக விடை தேடட்டும். மறுநாள் எழுத்து: உன் தம்பிக்கு ஒரு பராமரிப்பு லேபிள் எழுது. வெயிலில் காய வைக்காதே, சினிமா பார்க்கும்போது தொடாதே. ஏவல் வாக்கியமும் எதிர்மறை ஏவலும் அன்றைக்கே வந்துவிடும். அதற்கு முன்போ பின்போ இலக்கணப் பெயர் சொல்லிக்கொள்ளலாம். தாமே எழுதியதைப் படிக்கக் கேட்டு வகுப்பு சிரிக்கும். ஆங்கில வகுப்பில் பிள்ளைகள் சிரித்து எத்தனை நாளாயிற்று?

இங்கே இரு மறுப்புகள் எழும். பனியன் கம்பெனியின் பிள்ளைக்கு லேபிளைக் கற்பித்து அதே கம்பெனிக்கு ஆள் தயார் செய்கிறாயா என்பது முதலாவது. நியாயமான அச்சம். லேபிளோடு நின்றால் அக்குற்றச்சாட்டு உண்மையாகும். நிற்க வேண்டியதில்லை. இச்சட்டை யாருக்குப் போகிறது, அங்கே என்ன விலை, தைத்தவருக்கு என்ன கிடைத்தது என்று அடுத்த வாரம் கேட்கலாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது, திருப்பூரின் வீடுகளில் பேச்சே அதுதான். அச்செய்தியின் மூன்று வரியை ஆங்கிலத்தில் தானே படித்துத் தாய்க்குச் சொல்லும் ஏழாம் வகுப்புச் சிறுமியிடம் கல்வி ஏதோ செய்திருக்கிறது என்று பொருள். அங்கிருந்து கதைக்கும் கவிதைக்கும் போகும் பாதை நீளமன்று.

இரண்டாவது, ஆங்கில வகுப்பில் தமிழுக்கு இடமுண்டா என்பது. வரிக்கு வரி மொழிபெயர்ப்பதை எதிர்க்கிறேன். தமிழில் சிந்தித்து விவாதிப்பதை எதிர்க்கவில்லை. 2005 தேசியக் கலைத்திட்டத்தை ஒட்டி எழுந்த ஆங்கிலக் கல்வி அறிக்கையும் பிற மொழிகளோடு இணைந்தே ஆங்கிலம் வளர வேண்டும் என்றது. திருப்பூரின் வகுப்பறைகளில் இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர் பிள்ளைகளும் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நம் தமிழ் விளக்கம் மற்றுமொரு அந்நிய மொழி. கையில் ஒரு சட்டையைக் கொடுங்கள். அங்கே எல்லாரும் சமம்.

மாணவனின் கொள்திறனையும் இடத்தையும் காலத்தையும் ஓர்ந்து பாடம் சொல்ல வேண்டும் என்பதை, பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே நன்னூலார் பாயிரத்தில் வகுத்துவிட்டார். அதை மாணவருக்கு மனப்பாடமாக்கி மதிப்பெண் வழங்கும் நாம், அதன்படி ஒருநாளும் நடந்ததில்லை. ஆகவே கல்வித்துறைக்கு ஒரு கோரிக்கை. பாடக்குறிப்பேட்டின் எல்லாக் கட்டங்களையும் அழித்துவிட்டு ஒன்றை மட்டும் வையுங்கள்: இன்று இந்த வகுப்பில் எந்த மாணவர், எதைத் தாமாகப் படித்தார், எதைத் தாமாக எழுதினார்? அக்கட்டம் வெறுமையாக இருக்கும் நாளில் தலைமையாசிரியர் கையொப்பமிட வேண்டாம்.