முதலாளி வாங்கித் தரும் ஜேர்சி



போன கிழமை இஷாவுக்குப் பிறகு தேநீர்க் கடை வாசலில் நம்ம பொடியன் ஒருவன் கேட்டான்: "சேர், தொடர்மாடி கட்டுற பெரிய முதலாளி ஒருத்தர் நம்ம கழகத்தையும் எடுத்தா எப்படி இருக்கும்?" நாம் எட்டாம் வகுப்பில் படிப்பித்த பிள்ளை. மாதச் சம்பளம், புது பூட்ஸ், வெளிநாட்டுப் பயிற்றுவிப்பாளர் என்று எல்லாக் கணக்கும் வைத்திருந்தான். சப்பாத்தை ஒட்டி ஒட்டி விளையாடியவன், ஆசைப்படத்தான் செய்வான். அவனைக் குறை சொல்ல முடியாது. அங்கேயே சரியான பதில் சொல்ல வரவில்லை, அதனால்தான் எழுதுகிறோம்.

சீனாவில் குவாங்சோ கழகம் 1954இல் தொடங்கியது. 2010இல் எவர்கிராண்ட் என்ற வீடமைப்புக் கம்பெனி அதை 100 மில்லியன் யுவானுக்கு வாங்கியது. அடுத்த வருடமே லீக் கிண்ணம். தொடர்ந்து ஏழு வருடம் அதே கழகம்தான் சம்பியன், 2019இல் எட்டாவது தடவை. 2013இலும் 2015இலும் ஆசியக் கிண்ணமும் வந்தது. இத்தாலிக்கு உலகக் கிண்ணம் வென்று கொடுத்த லிப்பியையே பயிற்றுவிப்பாளராகக் கொண்டுவந்தார்கள். ஒரு லட்சம் பேர் இருக்கும் மைதானம் கட்ட 2020இல் அத்திவாரமும் போட்டார்கள்.

காசு எங்கிருந்து வந்தது? அந்தக் கம்பெனி கட்டி முடிக்காத வீடுகளுக்கு முற்பணம் வாங்கி, மேலே கடனும் வாங்கி ஓடிய கம்பெனி. ஜேர்சியின் நெஞ்சில் கம்பெனியின் பெயர். கழகம் வெல்ல வெல்லப் பெயர் பரவும், பெயர் பரவினால் வீடு விற்கும். கழகம் அவர்களுக்கு ஒரு விளம்பரப் பலகை, அவ்வளவுதான். 2021இல் கம்பெனி கடன் கட்ட முடியாமல் விழுந்தது. 2022இல் கழகம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. அந்த மைதானக் காணியும் கைவிட்டுப் போனது. 2025 ஜனவரியில், பழைய கடனை அடைக்க முடியாததால் அனுமதிப்பத்திரம் கிடைக்காமல், கழகமே கலைந்தது. எட்டுக் கிண்ணம் எடுத்த கழகம்!

சீனா தூரம் என்றால் புனேயைப் பாருங்கள். அங்கே டி.எஸ். குல்கர்னி என்ற கட்டட முதலாளியின் சிவாஜியன்ஸ் கழகம் ஐ-லீக்கில் இரண்டே பருவம் ஆடியது, 2017இல் விலகியது. முதலீட்டாளர்களின் பணத்தைத் திருப்பிக் கொடுக்காத வழக்கில் 2018இல் அவர் கைதானார்.

எல்லா முதலாளியும் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. நம்ம கழகங்கள் ஹாஜியார்மாரின் கைக்காசில்தான் வளர்ந்தன. அனுசரணை வேறு, உரிமை வேறு. அதைத்தான் சொல்கிறோம். ஜேர்மனியில் கழகத்தின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் ஒன்றாவது அங்கத்தவர்களின் கையில் இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. முதலாளி காசு போடலாம், பேரை மாற்றவோ மைதானத்தை விற்கவோ அங்கத்தவர்களைத் தாண்டிப் போக முடியாது.

நமக்கு இது வெறும் விளையாட்டுப் பேச்சும் அல்ல. 2010 மே மாதம் மியூஸ் வீதியில் வீடுகள் இடிபட்டதை மறந்தவர் நம்மில் யார்? ஜாவா லேன் பக்கம் எத்தனை குடும்பங்கள் வாடகை வீடு தேடி வெள்ளம்பிட்டி, மாபோலை என்று சிதறின! மலாய்ச் சகோதரர்களும் நாமும் தமிழ், சிங்களக் குடும்பங்களும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த ஒழுங்கைகள் அவை. சிதறிய பொடியன்மார் இன்றைக்கும் பஸ் ஏறி இங்கே வருவது பந்து விளையாடத்தான். வீட்டுக் காணி போன பிறகு மிச்சமிருப்பது கழகத்தின் பேரும் அந்த மைதானமும். பேரா ஏரிக்கரையில் ஒரு பேர்ச் காணி என்ன விலை என்று தெரிந்தவர்கள், மைதானத்தைப் பார்க்கும்போது கோல் கம்பத்தையா பார்ப்பார்கள்?

ஆகவே பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். யாராவது கழகத்தை "எடுக்க" வந்தால், முதலில் யாப்பை மேசையில் வையுங்கள். அங்கத்தவர் புத்தகம் யாரிடம் இருக்கிறது, கடைசியாகப் பொதுக்கூட்டம் எப்போது நடந்தது, மைதானம் எந்தப் பத்திரத்தில் யார் பேரில் இருக்கிறது என்று பொடியன்மாருக்கு இப்போதே சொல்லுங்கள். அந்தப் பிள்ளை வருகிற ஞாயிறு அசருக்குப் பிறகு நம் வீட்டுக்கு வருகிறான். யாப்புப் பிரதி வைத்திருக்கும் நானாமார் யாராவது இருந்தால் உள்பெட்டியில் அனுப்புங்கள், அவனோடு உட்கார்ந்து வாசிக்கலாம்.