பளிங்கு போன்ற பெட்டியில் பனி படர்ந்தது ஏன்?

சங்கரன்கோவிலுக்கு வருகிறவர்கள் கோமதி அம்மன் சந்நிதியில் புற்றுமண் வாங்காமல் போவதில்லை. பாம்பு, தேள் உருவம் பதித்த சிறு தகடுகளை வாங்கி உண்டியலில் போடுகிறவர்களும் உண்டு.

என் அக்காள் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். அவன் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ஒரு மாதிரி செய்தான். அட்டையில் ஒன்பது நிலைக் கோபுரம். அதை மூட, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டி. பெட்டியின் முகப்பில் ஒரு பித்தளை நாகத் தகட்டை ஒட்ட வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

நொடியில் ஒட்டும் பசையை வாங்கி வந்தான். ஒட்டினான். மூடி வைத்துவிட்டுப் படுத்தான். காலையில் பார்த்தால் நாகத்தைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பனி படர்ந்திருந்தது. உள்ளே இருந்த கோபுரம் தெரியவில்லை. பையன் அழுத அழுகை தெருவுக்கே கேட்டது.

ஆவி செய்த வேலை

என்ன காரணம்? அந்தப் பசையின் பெயர் சயனோஅக்ரிலேட். அதில் ஒரு பகுதி ஆவியாகக் கிளம்பும். காற்றில் உள்ள ஈரம் பட்டதும் அது வெள்ளைப் படலமாகப் படியும். மூடிய பெட்டிக்குள் ஆவி போக வழி ஏது? கைரேகையைக் கண்டுபிடிக்கப் போலீசார் இந்த ஆவியைத்தான் பயன்படுத்துகிறார்கள்!

இதில் ஒரு வேடிக்கை. 1942-ல் அமெரிக்காவில் கோடாக் கம்பெனியின் ஹாரி கூவர், துப்பாக்கிக் குறிகாட்டிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோதுதான் இந்தப் பொருள் கிடைத்தது. தொட்டதெல்லாம் ஒட்டிக்கொள்கிறதே என்று ஒதுக்கிவிட்டார்கள். 1958-ல் அதுவே பசையாக விற்பனைக்கு வந்தது. தெளிவான பிளாஸ்டிக்கைத் தேடப் போய்ப் பிறந்த பசை, தெளிவான பிளாஸ்டிக்குக்கே பகையாகிவிட்டது.

விமானம், கார் மாதிரிகள் செய்வோர் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். தச்சர்கள் மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை போதும். தகட்டின் பின்பக்கத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, சோப்பு நீரில் கழுவி, உலர்த்த வேண்டும். பல் குத்தும் குச்சி முனையால் துளிப் பசை வைத்து ஒட்ட வேண்டும். பிதுங்கியதை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். காய்ந்தால் பசை நிறமில்லாமல் போய்விடும். ஓர் இரவு அசைக்கக் கூடாது. தகடு கனமாக இருந்தால் இரண்டு குழாய்ப் பசையைக் கலந்து ஒட்டலாம். அதிலும் பனி படராது.

அவசரம் யாருக்கு?

பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “நாளை மறுநாள் மாதிரி கொண்டு வா” என்றால் அவன் நொடிப் பசையைத்தானே தேடுவான்? ஆசிரியர்கள் இரண்டு வாரம் முன்னால் சொல்லட்டும். எட்டு வயதுக் குழந்தை காசை நீட்டினால் கடைக்காரர் இந்தப் பசையைக் கொடுக்கக் கூடாது. பெரியவர்கள் வரட்டும் என்று சொல்லி அனுப்பட்டும். ஒரு சின்னக் குழாய் விற்காமல் போனால் கடை நொடித்துவிடாது.

தறி ஓடும் ஊரில் இது இன்னும் முக்கியம். வீட்டில் பருத்தி நூல் கழிவு கையெட்டும் இடத்தில் கிடக்கும். சிந்திய பசையை அதனால் துடைத்தால் சட்டென்று சூடேறும், தோல் வெந்துவிடும். பருத்திச் சட்டையில் சிந்தினாலும் அப்படித்தான். விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்த்து இழுக்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவையுங்கள். கண்ணில் பட்டால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

பையனின் பெட்டியில் பற்பசை தொட்டு மெல்லத் தேய்த்தோம். பனி முக்கால் பங்கு போயிற்று. நாகத்தை வெள்ளைப் பசையால் மறுபடி ஒட்டினான். அன்று இரவு மூன்று முறை எழுந்து பார்த்தான். ஆனால் தொடவில்லை.