மேற்கோள்களை எண்ணினால் போதுமா?

ஓர் அறிவியலாளரின் பெருமையை இந்நாளில் எண்களாலேயே சொல்லிவிடுகின்றனர். இத்தனை நூறு ஆய்வுக் கட்டுரைகள், இத்தனை ஆயிரம் மேற்கோள்கள் என்பார்கள். ஒருவர் எழுதிய ஆய்வை மற்றோர் ஆய்வாளர் தம் கட்டுரையில் எடுத்துக்காட்டினால் அது ஒரு மேற்கோள். இவற்றைத் தொகுத்து அட்டவணையாக வெளியிடும் பணியை யூஜின் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கர் 1964இல் தொடங்கினார். பின்னர் 2005இல் ஹிர்ஷ் என்னும் இயற்பியலாளர் எச்-குறியீடு என்றோர் அளவுகோலைத் தந்தார். ஒருவருடைய கட்டுரைகளுள் ஐம்பது, ஒவ்வொன்றும் ஐம்பது தடவைக்குக் குறையாமல் எடுத்தாளப்பட்டிருந்தால் அவருடைய குறியீடு 50.

கேட்பதற்கு எளிதாகவே இருக்கிறது. எனினும், மெச்சி எடுத்துரைத்தாலும் மறுத்து எடுத்துரைத்தாலும் இக்கணக்கில் ஒன்று ஒன்றுதான். ஹதீஸ் கலை பயின்றோர் இதைக் கேட்டால் புன்னகைப்பர். அங்கே அறிவிப்பாளர் எத்தனை பேர் என்பதோடு அவர் எத்தகையவர் என்பதும் ஆராயப்படும் அன்றோ!

ஹைதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மரபியல் அறிஞர் குமாரசாமி தங்கராஜ் நம் தமிழகத்தைச் சேர்ந்தவர். அந்தமான் பழங்குடியினரின் தோற்றம் பற்றி 2005இல் 'சயின்ஸ்' இதழிலும், இந்திய மக்களின் மரபு வரலாறு பற்றி 2009இல் 'நேச்சர்' இதழிலும் வெளிவந்த ஆய்வுகள் அவர் பெயரை உலகறியச் செய்தன. ஆயினும் நம் இல்லங்களை நேரடியாகத் தொடுவது 2009இல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் வந்த இதய நோய்க் கட்டுரையே. அதன் முதல் ஆசிரியர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பி.எஸ். தண்டபாணி, உடன் எழுதிய பலருள் தங்கராஜும் ஒருவர்.

இதயத் தசையின் புரதம் ஒன்றை உருவாக்கும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்போர் இந்தியரில் நூற்றுக்கு நால்வர் என்றது அக்கட்டுரை. எங்கள் வேப்பம்பட்டு நிலையத்தில் காலை மின்ரயிலுக்குக் காத்து நிற்போர் நூறு பேர் என்றால், அவர்களில் ஏறத்தாழ நால்வர்! இக்குறை உடையோருக்கு முதுமை நெருங்க இதயம் பலவீனமடையும் வாய்ப்பு மிகுதி என்றும் அது கூறிற்று. இளமையில் உயிரணுக்கள் பழுதான புரதத்தைச் சிதைத்து அகற்றிவிடும். வயது ஏற ஏற அத்திறன் குன்றி, பழுது சேர்ந்துவிடும் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

செய்தித்தாள்கள் சும்மா இருக்குமா? கோடிக்கணக்கான இந்தியரின் இதயத்தில் ஆபத்து ஒளிந்திருக்கிறது என்ற தோரணையில் எழுதின. பிற ஆய்வாளரும் அக்கட்டுரையைத் தொடர்ந்து எடுத்தாண்டனர். அப்படி எடுத்தாண்டோர் எல்லாரும் ஆமோதித்தவர்கள் அல்லர். அப்போது அமெரிக்காவின் சின்சினாட்டியில் பணிபுரிந்த சக்திவேல் சடையப்பன் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, 25 எழுத்துகள் குறைந்தவர்களுள் ஒரு சிறு பகுதியினரிடம் அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் இருந்தது. இதய இயக்கத்தில் வேறுபாடு காணப்பட்டது அவர்களிடமே. 2020இல் வந்த மற்றோர் ஆய்வு, இதயத் தசை தடிக்கும் நோய்க்குக் காரணம் விடுபட்ட எழுத்துகள் அல்ல, அவற்றோடு சேர்ந்து சிலரிடம் காணப்படும் வேறோர் அரிய மாற்றமே என்று காட்டியது.

முதல் கட்டுரை வீண் என்று இதற்குப் பொருளன்று. அது வழிகாட்டியிராவிட்டால், பின்வந்தோர் தெற்காசியரின் இந்த மரபணுவை இவ்வளவு துருவிப் பார்த்திருப்பார்களா என்பது ஐயமே. ஒரு கட்டுரை தன்னைத் திருத்தவல்ல கட்டுரைகளைப் பிறப்பிப்பது, என் கருத்தில், பாராட்டுக்குரிய பயன். எச்-குறியீட்டுக்கோ இந்த வேறுபாடு தெரியாது.

குடும்பங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பழைய செய்தித் துணுக்கைக் காட்டி, "அந்த வீட்டில் இதய மரபணுக் கோளாறாம்" என்று சம்பந்தப் பேச்சைக் கலைப்போரும் இருக்கக்கூடும். நூற்றுக்கு நால்வரிடம் உள்ள ஒன்றைக் கொண்டு ஒரு பெண்ணின் வாழ்வைத் தடுப்பது எவ்வளவு கொடுமை! அந்நால்வரில் பெரும்பாலோர் நலமுடன் வாழ்கின்றனர். ஆனால், வீட்டில் இளவயதினர் எவரேனும் திடீரென மயங்கி விழுந்தோ இதய நோயாலோ இறந்திருப்பின், அது வேறு செய்தி. அவருடைய உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் இதய மருத்துவரிடம் அதை மறைக்காமல் கூறி, ஈ.சி.ஜி.யும் எக்கோ பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.