பூட்டுக்குப் பயந்து வீட்டைத் திறந்து வைப்பதா?

பிட்கொயினில் கள்ளனிடம் திறப்பு போனால் காசும் போனதுதான். திருப்பித் தர வங்கி முகாமையாளர் எவரும் இல்லை. இதற்கு ஒரு மருந்து 2020இல் ஜெரமி ரூபின் முன்வைத்த பிஐபி 119. ஒரு நாணயம் அடுத்து எந்த முகவரிக்கு, எவ்வளவாகப் போகவேண்டும் என்பதை முன்கூட்டியே ஹாஷ் ஒன்றுக்குள் பூட்டலாம். எடுக்கும் காசைச் சில நாள் காக்கவைக்கலாம். கள்ளன் எடுத்தால் உரிமையாளர் அதற்குள் பாதுகாப்பான இடத்துக்குத் திருப்பிவிடுவார்.

"அப்ப அரசாங்கம் எங்கட காசைத் தன் பட்டியலுக்குள்ள அடைச்சிடும்" எண்டு சிலர் கதைக்கினம். நாங்கள் இதை ஏற்கவில்லை. அடைக்க நினைக்கும் அரசுக்கு இன்றுள்ள பல்கையொப்ப முறையே போதும்: இரண்டு கையொப்பத்தில் ஒன்று தன்னுடையது என்று கட்டளையிட்டால் முடிஞ்சுது. பிஐபி 119இலோ பாதை முழுக்க முன்பே எழுதப்படுகிறது. முடிவில்லாமல் தொடரும் பூட்டை அதனால் செய்யவே முடியாது.

விலை இல்லாமல் இல்லை. தொகையை முன்பே தீர்மானிக்கவேண்டும். பாதியை மட்டும் எடுப்பதென்றால் அதையும் முன்பே திட்டமிட்டிருக்கவேண்டும். வேறு வழி வைக்காத பூட்டுக்குக் குறைவாக அனுப்பினால் காசு சிக்கிவிடும். ஓபி கேட் இதைவிடப் பலதும் செய்யும். ஆனால் எதையெல்லாம் செய்யும் என்று கணக்கிடுவதே கஷ்டம். விதியை ஒருமுறை சேர்த்தால் பின்பு கழற்றுவது லேசில்லை. அதனால்தான் குறைவாகச் செய்யும் கருவியே எங்கள் தெரிவு.

2022இல் அதை அவசரமாகச் செயற்படுத்தப் பார்த்ததை எதிர்த்தது சரி. அந்தக் கோபத்தைக் கருவியின் தலையில் கொட்டியதுதான் பிழை.