லாங்போர்டு: பேரிங்கா, சக்கரமா?

லாங்போர்டு மெதுவாக ஓடினால் பலரும் முதலில் மாற்றுவது பேரிங்கைத்தான். பெட்டியில் "ஏபெக் 9" என்று இருந்தால் கூடுதல் விலை கொடுக்கவும் தயங்குவதில்லை. மாணவர் பட்ஜெட்டில் இது வீண்செலவு!

ஏபெக் எண் சொல்வது அளவுத் துல்லியத்தை மட்டுமே. எஃகின் தரத்தை அல்ல. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் 70 மி.மீ. சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 2,300 முறைதான் சுற்றும். அதற்குச் சாதாரண 608 பேரிங்கே தாராளம். அழுக்கேறினால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். அப்படியும் கரகரத்தால் மட்டும் மாற்றலாம்.

காசு போக வேண்டிய இடம் சக்கரம். களிமண் சக்கரம் எனப்பட்ட பழைய கடினச் சக்கரங்கள் சின்னக் கல்லில் பட்டாலே ஆளைத் தூக்கி எறிந்தன. 1970-களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்தி யூரித்தேன் சக்கரத்தைக் கொண்டுவந்த பிறகுதான் கலிஃபோர்னியாவில் இந்த விளையாட்டு மறுபடி தலையெடுத்தது.

கரடுமுரடான சாலைக்கு 70 மி.மீ., 78ஏ போன்ற மென்மையான சக்கரம் ஏற்றது. ஆனால் திரும்பும்போது பெரிய சக்கரம் பலகையில் உரசினால் போர்டு சட்டென்று நிற்கும், ஆள் மட்டும் முன்னால் போவார்! மாட்டியதும் பலகையைச் சாய்த்துப் பார்ப்பது அவசியம்.

பெட்டியில் உள்ள எண்ணுக்குக் கொடுக்கும் காசு, தரையைத் தொடும் சக்கரத்துக்குப் போகட்டும்.